தனி மனுவும் பொது மகஜரும்

(நம் பங்கின் யூபிலியையொட்டி நடைபெற்ற சுற்று வட்டாரச் சங்கங்களின் கூட்டத்தில் ஆற்றிய உரை)



யூபிலி என்றவுடன் பந்தல், பாண்டு வாத்தியம், தேர்ப்பவனி, மலர் வெளியீடு இவைதாம் நம் நினைவுக்கு வரும். இவையெல்லாம் வேண்டியவையே. ஆனால் யூபிலி என்ற வழக்கம் பிறந்த இடம் லேவியர் நூல். ஐம்பதாம் ஆண்டு வரும்போது, இழந்த நிலம் இழந்தவனுக்கே திரும்ப வேண்டும் என்று அங்கே ஆண்டவர் கட்டளையிடுகிறார். ஆகவே யூபிலி மேடையில் நிலத்தைப் பற்றிப் பேசினால், "இவன் கோயிலில் அரசியல் பேசுகிறான்" என்று யாரும் வருந்த வேண்டாம். விழாவின் பெயரே அதைத்தான் பேசச் சொல்கிறது.

எனக்குத் தந்த தலைப்பு "தொண்டு நிறுவனங்களின் ஒற்றுமையும் அரசின் கொள்கையும்" என்பது. கேட்பதற்குப் பெரிதாக இருக்கிறது. எளிதாகச் சொன்னால் கேள்வி இதுதான்: நம் வட்டாரத்துச் சங்கங்கள் எல்லாம் சேர்ந்து சர்க்காரிடம் ஒரே குரலில் பேச முடியுமா? பேசினால் சட்டம் மாறுமா?

நம் ஊருக்கு இந்த விஷயத்தில் தனிப் பெருமை உண்டு. வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் இருக்கும் குடவோலைக் கல்வெட்டு முதலாம் பராந்தக சோழன் காலத்தது. அவனது 12-ஆம், 14-ஆம் ஆட்சியாண்டுகளில், அதாவது கி.பி. 919, 921-இல் பொறிக்கப்பட்டது. ஊரை 30 குடும்புகளாகப் பிரித்து, ஓலையில் பெயர் எழுதிக் குடத்தில் இட்டுக் குலுக்கி எடுத்தார்கள். ஏரிக்கு ஒரு வாரியம், தோட்டத்துக்கு ஒரு வாரியம், ஆண்டுக் காரியங்களுக்கு ஒரு வாரியம் என்று அமைத்தார்கள். கணக்குக் காட்டாதவன் மறுபடி நிற்க முடியாது; அவனுடைய நெருங்கிய உறவினரும் நிற்க முடியாது. 2020 டிசம்பரில் டில்லியில் புதிய பாராளுமன்றக் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டியபோது பிரதமரே இக்கல்வெட்டைக் குறிப்பிட்டுப் பேசினார்.

பெருமைப்படுவோம். ஆனால் கல்வெட்டை முழுதும் படித்தவர்கள் இன்னொன்றையும் கவனித்திருப்பார்கள். கால் வேலிக்கு மேல் வரி செலுத்தும் நிலம் இருக்க வேண்டும். சொந்த மனையில் வீடு இருக்க வேண்டும். வயது 35-க்கு மேல் 70-க்குள். வேதம் கற்றிருக்க வேண்டும். இவை உள்ளவர் பெயர்தான் ஓலையில் ஏறியது. சேற்றில் இறங்கி உழுதவன் பெயர் ஏறவில்லை. நாற்று நட்டவள் பெயரும் ஏறவில்லை. சபை கூடிப் பேசியது உண்மை. சபைக்கு வெளியே நின்றவனுக்கு வாய் இல்லை என்பதும் உண்மை. அப்படி வெளியே நின்றவர்களின் வழியில் வந்தவர்கள்தாம் இந்த மண்டபத்தில் பாதிக்கு மேல் அமர்ந்திருக்கிறோம்.

வெளியே நின்றவர்களின் குரல் முதன்முதலில் ஒன்றுகூடிச் சர்க்காரின் காதில் விழுந்த கதையும் இதே ஜில்லாவில்தான் நடந்தது. அதைத்தான் இன்று சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன்.

ஆண்டு 1891. அந்நாளில் உத்திரமேரூர், செங்கற்பட்டு ஜில்லா மதுராந்தகம் தாலுகாவைச் சேர்ந்தது. ஊர் நிலம் மிராசுதாரர் கையில் இருந்தது. சேரியில் வாழ்ந்தவர்கள் படியாள்கள். கல்யாணத்துக்கோ சாவுக்கோ வாங்கிய சிறு கடனுக்காகத் தகப்பனும் பிள்ளையும் ஒரே வீட்டுக்கு உழைத்துக்கொண்டிருந்தார்கள். ஊரில் தரிசு நிலம் கிடக்கிறதே, அதைக் கேட்டு மனுப் போடலாமே என்றால், தர்காஸ்து விதிப்படி முதல் பாத்தியதை மிராசுதாரருக்கு. குடிசை போட்டிருக்கும் மனையும் அவருடையதே. வாய் திறந்தால் குடிசையைப் பிரித்துக்கொண்டு போக வேண்டியதுதான். இப்படிப்பட்டவன் தனியாக மனுக் கொடுப்பானா?

செங்கற்பட்டில் ஸ்காட்லாந்து சுயாதீன சபையைச் சேர்ந்த ஆதாம் ஆண்ட்ரூ என்ற பாதிரியார் பணிபுரிந்தார். திருவள்ளூரை அடுத்த ஈக்காட்டில் வெஸ்லியன் சபையைச் சேர்ந்த வில்லியம் கௌடி இருந்தார். தாம் சேரிகளில் கண்டதை இவர்கள் எழுதினார்கள், பேசினார்கள். தனி ஒருவர் எழுதும் கடிதத்துக்கு என்ன மரியாதை கிடைக்குமோ அதுதான் கிடைத்தது. அதன்பின் அவர்கள் வேறு வழியைப் பிடித்தார்கள். சென்னையில் பல புரோட்டஸ்டாண்டு சபைகளின் மிஷனரிகள் கூடும் பொது மன்றம் ஒன்று இருந்தது. சபைக்குச் சபை போதனையிலும் நிர்வாகத்திலும் வேற்றுமை உண்டு. ஒரே ஊரில் ஆள் சேர்ப்பதில் போட்டியும் உண்டு. அவற்றையெல்லாம் ஒரு பக்கம் வைத்துவிட்டு, 1891-இல் அந்த மன்றத்தின் பெயரால் சென்னை அரசாங்கத்துக்கு ஒரே மகஜர் சென்றது. ஒரு பாதிரியின் புலம்பல் என்று அதைத் தள்ள முடியவில்லை.

அதே ஆண்டில் செங்கற்பட்டுக் கலெக்டர் பொறுப்பில் இருந்த டிரெமென்ஹீர், ஜில்லாவின் பறையர் நிலை பற்றி விரிவான குறிப்பு ஒன்றை எழுதி அரசுக்கு அனுப்பினார். படியாள் முறை, மனை உரிமை, தரிசு நிலம், பள்ளிக்கூடம் எல்லாம் அதில் இருந்தன. வருவாய் வாரியத்தார் முட்டுக்கட்டை போட்டார்கள். கேட்டதெல்லாம் கிடைத்துவிடவில்லை. ஆனாலும் 30.9.1892 அன்று பிறந்த வருவாய்த்துறை ஆணையின் வழியே ஒடுக்கப்பட்டவர்களுக்கென்று நிலம் ஒதுக்க வழி பிறந்தது. அந்த நிலத்துக்கு ஒரு நிபந்தனையும் வந்தது. முதல் பத்தாண்டுகள் யாருக்கும் விற்கக் கூடாது. அதன் பின்பும் அதே வகுப்பாருக்கே விற்கலாம். வேறு யார் வாங்கினாலும் செல்லாது. இன்று நாம் பஞ்சமி நிலம் என்று சொல்வது இதைத்தான். தமிழகம் முழுவதும் சுமார் 12 லட்சம் ஏக்கர் இப்படி ஒதுக்கப்பட்டதாகப் பொதுவாகச் சொல்லப்படுகிறது.

அதே 1891-ஆம் ஆண்டு மே மாதம் 15-ஆம் நாள், உரோமையில் திருத்தந்தை பதின்மூன்றாம் சிங்கராயர் தொழிலாளர் நிலை குறித்துத் தம் புகழ்பெற்ற சுற்றுமடலை வெளியிட்டார். உழைப்பவர்கள் தமக்குள் சங்கம் அமைத்துக்கொள்வது அவர்களுக்கு இயல்பாகவே உள்ள உரிமை என்று அதில் நிலைநாட்டினார். ஆனால் செங்கற்பட்டுப் படியாளுக்காகச் சென்ற மகஜர் பிரிந்த சகோதரர்களின் மன்றத்திலிருந்து சென்றது. நாம் அந்த மன்றத்தில் இல்லை. இதைச் சொல்வது யாரையும் குறை கூற அல்ல. "எங்கள் பங்கு, எங்கள் சபை, எங்கள் சங்கம்" என்று இருந்துவிட்டால் எவ்வளவு பெரிய காரியம் நம் வாசலைத் தாண்டிப் போய்விடும் என்று காட்டத்தான்.

இன்னொன்றையும் சேர்த்தே சொல்ல வேண்டும். பாதிரிமாரும் கலெக்டரும் இரங்கிக் கொடுத்த வரம் என்று இதை நினைத்துவிடாதீர்கள். அதே 1891-இல் அயோத்திதாசப் பண்டிதர் நீலகிரியில் மாநாடு கூட்டிப் பத்துக் கோரிக்கைகளை நிறைவேற்றினார். நமக்குப் பக்கத்து மதுராந்தகம் பகுதியில் கோழியாளம் என்ற ஊரில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன் 1893-இல் "பறையன்" என்ற பெயரிலேயே பத்திரிகை தொடங்கினார். சிவில் சர்வீஸ் பரீட்சையை இந்தியாவிலும் நடத்தினால் மேல்சாதியாரே அதிகாரிகளாக வந்து அமர்வார்கள் என்று அதே ஆண்டில் எதிர்ப்பு மனு ஒன்றை லண்டன் பாராளுமன்றத்துக்கு அனுப்பினார். அவர் கேட்டது சரியா என்று இன்று விவாதிக்கலாம். ஆனால் அந்த மனுவின் நீளம் 112 அடி. அதில் கையெழுத்திட்டவர்கள் 3,412 பேர். எழுத்தறிவு அரிதாக இருந்த காலத்தில் 3,412 பேரைத் திரட்டியவர், பின்னாளில் 1930-இல் அம்பேத்கருடன் வட்டமேஜை மாநாட்டில் போய் அமர்ந்தார் என்றால் அது தற்செயல் அல்ல.

இப்போது கசப்பான பகுதிக்கு வருகிறேன். ஆணை வந்தது, நிலமும் கொஞ்சம் வந்தது. ஆனால் ஊர் ஊராகச் சென்று அந்த நிலத்தைக் காத்து நிற்க ஒரு பொது அமைப்பு நிலைக்கவில்லை. கடனுக்கு ஒரு துண்டு, கைரேகைக்கு ஒரு துண்டு, மிரட்டலுக்கு ஒரு துண்டு என்று நிலம் கை மாறியது. பழைய செட்டில்மெண்ட் பதிவேட்டில் "டி.சி." என்று குறிக்கப்பட்டிருந்த நிலங்கள், 1980-களில் எழுதப்பட்ட புதிய பதிவேடுகளில் பல இடங்களில் அந்தக் குறிப்பே இல்லாமல் ஏறிவிட்டன என்பது மக்கள் அமைப்புகள் நெடுநாளாகச் சொல்லிவரும் குறை. ஒரு தலைமுறை வாதாடிப் பெற்றதை அடுத்த தலைமுறை ஏட்டளவில்கூடக் காக்கவில்லை.

நூறு ஆண்டுகள் கழித்து, 1994-இல், மாமல்லபுரத்தை அடுத்த காரணை கிராமத்தில் பஞ்சமி நிலத்தை மீட்க மக்கள் எழுந்தார்கள். நிலத்தில் அம்பேத்கர் சிலை வைத்தார்கள், அது அகற்றப்பட்டது. 1994 அக்டோபர் 10-ஆம் நாள் செங்கற்பட்டில் திரண்டு நியாயம் கேட்டார்கள். போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸ், ஏழுமலை என்ற இருவர் மாண்டனர். இரண்டு பெயர்களையும் சேர்த்துச் சொல்லிப் பாருங்கள். ஒன்று நம் ஞானஸ்நானப் பெயர், மற்றொன்று திருப்பதி மலையின் பெயர். குண்டு சமயம் பார்க்கவில்லை. அந்தப் போராட்டத்தில் சேசு சபைக் குருக்கள் சிலரும் மக்களோடு நின்றார்கள். 1891-இல் நாம் இல்லாத இடத்தில் 1994-இல் நம்மவர்கள் இருந்தார்கள் என்பதை நன்றியோடு நினைக்கிறேன். பஞ்சமி நிலம் என்ற சொல்லையே மறந்திருந்த ஊர்களில் அதற்குப் பிறகுதான் மறுபடி அதைப் பேசத் தொடங்கினார்கள்.

சேர்ந்து கேட்டதால் கிடைத்து, சேர்ந்து காத்ததால் நிலைத்த காரியம் ஏதும் இல்லையா? உண்டு. உங்களில் பலர் சட்டைப் பையிலேயே அதை வைத்திருப்பீர்கள்: கட்டுமானத் தொழிலாளர் நல வாரிய அட்டை! நம் கிராமங்களிலிருந்து விடியற்காலை பஸ் ஏறிச் சென்னைக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் சாந்துச் சட்டி சுமக்கப் போகிறவர்களுக்கு இந்த அட்டை வானத்திலிருந்து விழவில்லை. 1979-இல் சென்னையில் கட்டடத் தொழிலாளருக்கென்று நிர்மாண் மஸ்தூர் பஞ்சாயத்துச் சங்கம் தோன்றியது. 1982-இல் தமிழ்நாட்டில் உடலுழைப்புத் தொழிலாளர் சட்டம் வந்தது. அதோடு வீட்டுக்குப் போய்விடாமல், 1985-இல் நாடெங்கும் உள்ள பல நிறக் கொடிகளின் சங்கங்களையும் தொண்டு அமைப்புகளையும் சேர்த்து, மத்தியச் சட்டத்துக்காக ஒரு தேசியப் பிரசாரக் குழு அமைத்தார்கள். நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் தலைமை தாங்கினார். மசோதாவைத் தாங்களே எழுதிப் பாராளுமன்றத்துக்கு மனுக் கொடுத்தார்கள். 1994-இல் தமிழ்நாட்டில் வாரியம் வந்தது. 1996-இல் மத்தியச் சட்டம் வந்தது. கட்டடச் செலவில் நூற்றுக்கு ஒன்று முதல் இரண்டு வரை தொழிலாளர் நலத்துக்கென்று தீர்வை எடுக்க வேண்டும் என்றும் சட்டமாயிற்று. பதினேழு ஆண்டு உழைப்பு! நடுவில் எத்தனை மந்திரிசபைகள் மாறின! சங்கங்கள் கலையவில்லை. 1892 ஆணைக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு அங்கேதான் இருக்கிறது.

விவிலியத்திலும் இப்படி ஒரு காட்சி உண்டு. நம் பிரசங்கங்களில் அதிகம் கேட்கப்படாதது. எண்ணிக்கை நூலில் செலொபுகாது என்பவருக்கு ஆண் வாரிசு இல்லை, ஐந்து பெண்கள். தகப்பன் பங்கு நிலம் தங்களுக்கு இல்லையா என்று கேட்க ஐந்து பேரும் சேர்ந்து, மோசே முன்னும் குரு முன்னும் சபை முன்னும், எல்லாரும் பார்க்க வந்து நின்றார்கள். அழுது புலம்பவில்லை; காரணம் சொல்லி வாதாடினார்கள். ஆண்டவர் அவர்கள் சொன்னதே சரி என்றார். அந்த ஐவருக்கு நிலம் கிடைத்தது மட்டுமல்ல, இஸ்ரயேல் முழுமைக்கும் சட்டமே மாறியது. மகளிர் குழுத் தாய்மார்கள் வீட்டுக்குப் போய் இருபத்தேழாம் அதிகாரத்தை எடுத்துப் படியுங்கள்.

சரி, நம் நிலை என்ன? இந்த வட்டாரத்தில் வின்சென்ட் தே பவுல் சபை இருக்கிறது, மரியாயின் சேனை இருக்கிறது, மகளிர் சுய உதவிக் குழுக்கள் தெருவுக்குத் தெரு இருக்கின்றன. ஏரிப் பாசன விவசாயிகள், இருளர் மக்கள், மாற்றுத் திறனாளிகள், நெசவாளர் எல்லாருக்கும் ஏதோ ஒரு சங்கம் இருக்கிறது. திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகக் குறைதீர் நாளில் போய்ப் பாருங்கள். ஒரே சுடுகாட்டுப் பாதைக்காக நான்கு சங்கங்கள் நான்கு மனு கொடுக்கும். நான்கு ரசீது, நான்கு கோப்பு, நான்கு "பரிசீலனையில் உள்ளது". நான்கு சங்கத்தாரும் ஒரே பஸ்ஸில் திரும்பி வருவார்கள், ஒருவரோடொருவர் பேசிக்கொள்ளாமல்!

ஏன் சேரவில்லை? பேனரில் யார் பெயர் மேலே என்பது ஒரு காரணம். உதவி அனுப்புகிறவர்களுக்கு ஆண்டறிக்கை எழுதும்போது "நாங்கள் செய்தோம்" என்று எழுத வேண்டியிருப்பது இன்னொன்று. அதிகாரியைப் பகைத்துக்கொண்டால் பதிவு போய்விடுமோ என்ற அச்சம் மூன்றாவது. மறைக்காமல் சொன்னால், எல்லாவற்றுக்கும் அடியில் சாதி இருக்கிறது. ஒரே நற்கருணையை வாங்குகிறவர்கள்கூட ஒரே மகஜரில் கையெழுத்திடத் தயங்குகிறார்கள் என்றால் கலெக்டரைக் குறை சொல்லி என்ன பயன்?

பணச் சட்டமும் மாறியிருக்கிறது. வெளிநாட்டு உதவி பெறும் நிறுவனம் அதை இன்னொரு நிறுவனத்துக்குப் பகிர்ந்து கொடுக்கலாகாது என்று 2020-ஆம் ஆண்டுத் திருத்தம் தடுத்துவிட்டது. பெரிய நிறுவனம் சின்னச் சங்கங்களைத் தாங்கி நடத்திய காலம் அத்தோடு முடிந்தது. எனவே பணத்துக்காகச் சேருவது இனி இல்லை. நம் உண்டியல் காசில்தான் சேர வேண்டும். இது ஒரு வகையில் நல்லதே என்பது என் எண்ணம். பணத்துக்காகச் சேர்ந்தவர்கள் திட்டம் முடிந்ததும் பிரிந்ததைத்தான் பார்த்திருக்கிறோம். அச்சப்படுகிறவர்களுக்கு ஒரு செய்தி: 2020 மார்ச் 6 அன்று உச்ச நீதிமன்றம், கட்சி அரசியலில் ஈடுபடாத அமைப்பு மக்கள் பிரச்சினைக்காகப் போராட்டத்தை ஆதரித்ததால் மட்டும் அதை அரசியல் அமைப்பு என்று முத்திரை குத்தி வெளிநாட்டு உதவியை மறுக்கக் கூடாது என்று தீர்ப்பளித்திருக்கிறது. நியாயம் கேட்பது கட்சி நடத்துவதாகாது.

டில்லியில் இந்தியத் தன்னார்வ நிறுவனங்களின் கூட்டமைப்பு ஒன்று 1988 முதல் இயங்கி வருகிறது. அது அகில இந்திய அளவில். நமக்கு முதலில் வேண்டியது உத்திரமேரூர் அளவில் ஒன்று. அதற்கு ஆடம்பரமான பெயரும் வேண்டாம், கட்டடமும் வேண்டாம். ஆனால் சில காரியங்களில் கண்டிப்பு வேண்டும். ஒரு நேரத்தில் ஒரே ஒரு கோரிக்கை. பத்தையும் ஒரே தாளில் எழுதிக் கொடுத்தால் பத்தும் போகும். தலைமை ஒருவரிடமே தங்கக் கூடாது. ஆண்டுக்கு ஒரு சங்கம் ஏற்கட்டும். கணக்கை எல்லார் முன்னும் வாசிக்க வேண்டும். ஆயிரத்து நூறு ஆண்டுக்கு முன் நம் ஊர்ச் சுவரில் எழுதியதை நாம் மீற வேண்டாம். இந்து சகோதரர்களும் இஸ்லாமிய சகோதரர்களும் பிரிந்த சபையாரும் முதல் நாளிலிருந்தே உட்கார வேண்டும். நாம் எல்லாவற்றையும் முடிவு செய்துவிட்டு அவர்களைக் கையெழுத்துக்கு மட்டும் அழைப்பது முறையல்ல. இருளர் பிரச்சினையை இருளரே பேச வேண்டும், நாம் அல்ல.

முதல் கோரிக்கையாக நான் முன்வைப்பது பஞ்சமி நிலக் கணக்கு. ஒவ்வொரு கிராமத்திலும் பழைய செட்டில்மெண்ட் பதிவேட்டில் "டி.சி." என்று குறித்த சர்வே எண்கள் எவை, பரப்பு எவ்வளவு, இன்று பட்டா யார் பெயரில் என்று தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்க வேண்டும். எல்லாக் கிராமத்துக்கும் ஒரே மாதிரி விண்ணப்பம். பதில் வந்ததும் நிலத்துக்குப் போய் நேரில் பார்த்து எழுத வேண்டும். அவசரப்பட்டு யார் மீதும் பழி சுமத்தலாகாது. ஏமாந்து வாங்கிய ஏழைச் சம்சாரியும் அதில் இருப்பான். அந்தப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு எல்லா ஊர்க் கிராம சபைகளிலும் ஒரே நாளில் ஒரே வாசகத்தில் தீர்மானம் போட வேண்டும். கிராம சபை ஆண்டுக்கு ஆறு நாள் கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. ஒரு ஊர்த் தீர்மானத்தைக் கோப்பில் போட்டு மூடிவிடலாம். ஐம்பது ஊர்த் தீர்மானம் ஒரே வாசகத்தில் வந்தால் மேசையில் வைத்துப் படித்தே ஆக வேண்டும்.

மண்டப வாசலில் ஒரு நோட்டுப் புத்தகம் வைக்கப்பட்டிருக்கிறது. சங்கத்தின் பெயர், ஊர், பொறுப்பாளர் ஒருவர் பெயர் இவற்றை எழுதிவிட்டுச் செல்லுங்கள். சங்கம் இல்லாதவர்கள் தங்கள் பெயரை எழுதலாம். எழுதத் தெரியாதவர்களுக்கு இளைஞர்கள் எழுதித் தருவார்கள். அடுத்த மாதம் முதல் ஞாயிறு, இரண்டாம் பூசைக்குப் பின், இதே இடத்தில் கூடுவோம். அன்று தகவல் உரிமை விண்ணப்பத்தின் மாதிரியை எல்லாருக்கும் கொடுக்கிறோம். பக்கத்து ஊர்க்காரர் ஒருவரையாவது, முடிந்தால் இன்னொரு சபையைச் சேர்ந்தவரை, கூட்டி வாருங்கள். சாப்பாடு தயாராக இருப்பதாகப் பங்குத் தந்தை சைகை காட்டுகிறார்.